இறங்கி ஏறுவதுதான் வேலை

(வேலூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பால் ஊற்றுகிறவர்களும் வண்டிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரர்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்.)

எல்லோருக்கும் வணக்கம்.

விடிகாலை இரண்டரை மணிக்கு எழுந்துகொள்ளும் வீட்டில் சாயங்காலம் ஏழு மணி என்பது பாய் விரிக்கிற நேரம். அந்த வீட்டில் வளர்ந்தவள் என்பதால் சொல்கிறேன். முன்வரிசையில் இருக்கிற அண்ணன்மார்களும் பின்னால் உட்கார்ந்திருக்கிற அக்காமார்களும் தங்கள் தூக்கத்தில் ஒரு பங்கை எனக்காக எடுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதை வீணடிக்காமல் பேச வேண்டும்.

முப்பது வருடம் ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவள் என்று என்னை அறிமுகம் செய்தார்கள். அதற்கெல்லாம் முன்பே நான் ஒரு பால்காரர் மகள். எங்கள் நைனா கணியம்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் கறந்த பாலை வாங்கிக்கொண்டு வந்து சைதாப்பேட்டை, காகிதப்பட்டறை, தோட்டப்பாளையம் தெருக்களில் ஊற்றுவார். சைக்கிள்தான். கேரியரின் இரண்டு பக்கமும் கொக்கியில் இரண்டு கேன், ஹேண்டில்பாரில் ஒரு தூக்கு. எண்பது, தொண்ணூறு வீடு. எனக்குப் பத்து வயசு இருக்கும்போது ஒரு நாள் அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டேன், "நைனா, அவ்ளோ தூரம் மிதிக்கிறியே, கால் வலிக்கலையா?" என்று. அவர் சொன்னது இன்றைக்கும் அப்படியே காதில் இருக்கிறது: "மிதிக்கிறது இன்னாம்மா பெரிய வேலை? எறங்கி ஏர்றதுதாம்மா வேலை."

அந்த வயதில் அது எனக்குப் புரியவில்லை. டிப்ளமோ படித்தபோதும் புரியவில்லை. வண்டி என்றால் எத்தனை குதிரைத்திறன், எவ்வளவு வேகம், எவ்வளவு பாரம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். இவைதான் பாடம். ஓட்டுகிறவன் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இறங்கி ஏறுகிறான் என்று கேட்கிற பாடப்புத்தகம் எதையும் நான் பார்த்ததில்லை. பல வருடம் கழித்து, மாணவர்களுக்காக அமெரிக்க வாகன வரலாறு படித்துக்கொண்டிருந்தபோது ஒரு கம்பெனியின் கதை கண்ணில் பட்டது. படித்து முடித்ததும் நைனாவின் வார்த்தைதான் ஞாபகம் வந்தது. அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு டெட்ராய்ட் நகரத்தில் சிலர் ஒரு கம்பெனி தொடங்கியிருக்கிறார்கள், அது அறுபது வருடம் ஓடியிருக்கிறது. அதன் பெயர் டிவ்கோ. டெட்ராய்ட் இண்டஸ்ட்ரியல் வெஹிகிள்ஸ் கம்பெனி என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்துச் செய்த பெயர் அது.

கதையைக் குதிரையிலிருந்து தொடங்க வேண்டும்.

நூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் பால், கண்ணாடிப் பாட்டிலில் வீட்டு வாசலுக்கு வந்தது. கொண்டுவந்தது குதிரை வண்டி. இந்தக் குதிரையைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. கொஞ்ச நாள் பழகிவிட்டால் அதற்கு ரூட் மனப்பாடம். பால்காரர் பாட்டில் கூடையைத் தூக்கிக்கொண்டு ஒரு வீட்டுக்குள் போவார். அங்கிருந்து அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று நடந்தே போய்க்கொண்டிருப்பார். குதிரை தானாக வண்டியை இழுத்துக்கொண்டு நாலாவது வீட்டு வாசலில் போய் நின்று காத்திருக்கும். யாரும் லகானைத் தொட வேண்டாம். பொய்கைச் சந்தைக்கு மாட்டு வண்டியில் போனவர்கள் இங்கே இருந்தால் அவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. திரும்பி வரும்போது வண்டிக்காரர் படுத்துத் தூங்கிவிடுவார், மாடு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

அப்படிப்பட்ட குதிரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மோட்டார் வண்டியை நிறுத்தினால் என்ன ஆகும்? வண்டி வேகமாகப் போகும், அதிக பால் ஏற்றும். ஆனால் தானாக அடுத்த வீட்டுக்கு நகராது. பால்காரர் ஒவ்வொரு வீட்டுக்கும் திரும்பி வந்து, ஏறி, உட்கார்ந்து, கிளட்ச் மிதித்து, கியர் போட்டு, நாற்பது அடி ஓட்டி, கிளட்ச், பிரேக், நியூட்ரல், ஹேண்ட்பிரேக், கதவைத் திறந்து, கீழே குதித்து, பின்பக்கம் சுற்றிப் போய்ப் பாட்டிலை எடுக்க வேண்டும். நாற்பது அடிக்கு இத்தனை வேலை. குதிரை வைத்திருந்த காலத்தில் இதில் ஒன்றுகூட அவர் தலையில் இல்லை. மற்ற சரக்குகள் பலவும் லாரிக்கு மாறிய பிறகும் பால் வெகுகாலம் குதிரையை விடாமல் இருந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். அவர்கள் பழமைவாதிகள் என்று எழுதுகிறவர்கள் ஒரு நாளாவது பால் ஊற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

டெட்ராய்டில் அப்போது டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்று ஒரு கம்பெனி இருந்தது. பேட்டரிக் கார் செய்கிறவர்கள். 1907-லேயே தொடங்கிவிட்டார்கள். பேட்டரிக் கார் நேற்று வந்தது என்று நினைக்கிற மாணவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பெட்ரோல் கார்களைக் கைப்பிடி சுழற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருந்த காலம் அது. அதனால் டாக்டர்களும் வசதியான வீட்டுப் பெண்களும் இந்தக் காரை விரும்பி வாங்கினார்கள். ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே டெட்ராய்ட் எலெக்ட்ரிக் காரைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனியில் இஞ்சினியராக இருந்தவர் ஜார்ஜ் பேக்கன்.

1920களின் தொடக்கத்தில் இவர் ஒரு பால் வண்டி வடிவமைக்க உட்கார்ந்தார். ஒரு வண்டி போடச் சொன்னால் நானோ நீங்களோ எங்கிருந்து தொடங்குவோம்? சேஸிஸ் என்கிற அடிச்சட்டம், சக்கரம், பேட்டரி, பெட்டி. டிரைவருக்குக் கடைசியில் ஒரு ஸீட் போட்டுவிடுவோம். பேக்கன் செய்த வண்டியை நாலு இடத்தில் நின்று ஓட்டலாம். முன்னால் நின்று ஓட்டலாம், பின்னால் நின்று ஓட்டலாம், இடப்பக்க ஃபுட்போர்டில் நின்று ஓட்டலாம், வலப்பக்க ஃபுட்போர்டில் நின்றும் ஓட்டலாம். இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பால்காரர் தெருவில் எந்தப் பக்கத்திலிருந்து எப்படி வருவார் என்று ஒரு மனிதன் கூடவே நடந்து பார்க்காமல் இப்படி ஒரு வண்டி மனதில் தோன்றாது. குதிரை அவரைத் தேடிப் போனது. இந்த வண்டி நகராது, ஆனால் அவர் எந்தப் பக்கமாக வந்து தொட்டாலும் ஓடத் தயாராக நிற்கும். குதிரை தந்ததில் கால் பங்கையாவது திருப்பிக் கொடுக்கப் பார்த்திருக்கிறார்.

சிக்கல் பேட்டரியில் வந்தது. அந்தக் காலத்து ஈய அமில பேட்டரி பெரும் பாரம். குளிரில் அதன் சக்தி குறைந்துவிடும். டெட்ராய்டின் குளிரோ, ஏரிகள் உறைந்துபோகிற குளிர். இந்த வண்டிக்குப் பெட்ரோல் எஞ்சின்தான் சரி என்று பேக்கன் முடிவுக்கு வந்தார். பேட்டரிக் கார் பெயரிலேயே வாழ்கிற கம்பெனி அதை எப்படி ஏற்றுக்கொள்ளும்? அவர் வெளியே வந்தார். பணம் போட ஆட்கள் சேர்ந்தார்கள். 1926-ல் டிவ்கோ பிறந்தது.

கம்பெனி கைமாறிய கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப வருடங்கள் கஷ்டமானவை. எஞ்சின் சப்ளை செய்துகொண்டிருந்த கான்டினென்டல் மோட்டார்ஸ் கொஞ்ச காலம் கம்பெனியைத் தன் கையில் வைத்திருந்தது. 1936-ல் ட்வின் கோச் என்ற கம்பெனியின் டெலிவரி வண்டிப் பிரிவோடு சேர்ந்து டிவ்கோ-ட்வின் ஆனது. இந்த ட்வின் கோச், ஒரே பஸ்ஸில் இரண்டு எஞ்சின் வைத்து ஓட்டிய ஃபேகல் சகோதரர்களின் கம்பெனி. அது தனிக் கதை, இன்னொரு நாள் சொல்கிறேன்.

வண்டிக்கு வருவோம். பாடி கட்டுகிற தம்பிகள் இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள்.

1930களில் டிவ்கோ வண்டியின் நடுவில் தரையைத் தாழ்த்தினார்கள். சாதாரண லாரியில் சேஸிஸ் நேராக ஓடும். தரை அதன் மேல் உட்காரும். அதனால் தரை உயரமாகத்தான் இருக்கும். இவர்கள் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில் சேஸிஸையே கீழே இறக்கிவிட்டார்கள். வண்டிக்குள்ளே ஒரு தாழ்ந்த நடைபாதை கிடைத்தது. பால்காரர் நின்றபடியே ஓட்டுவார், நின்றபடியே திரும்பிப் பின்னால் நடந்து போய்ப் பாட்டில் எடுப்பார், எந்தப் பக்கம் வீடோ அந்தப் பக்கம் ஒரே அடியில் தெருவில் கால் வைப்பார். குதிக்க வேண்டியதில்லை, சுற்றிப் போக வேண்டியதில்லை.

இதில் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒரு ஆள் 200 இடத்தில் நிறுத்துகிறார் என்று வையுங்கள். லாரியின் தரை தெருவிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரம் என்றால், ஒவ்வொரு தடவையும் தன் உடம்பை 75 சென்டிமீட்டர் தூக்க வேண்டும். 200 தடவைக்கு 150 மீட்டர். ஒரு மாடி 3 மீட்டர் என்றால் 50 மாடி. தினமும் விடிவதற்குள் 50 மாடி ஏறி 50 மாடி இறங்குகிறார். தரையை 30 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் அதே 200 தடவைக்கு 60 மீட்டர், 20 மாடி. முப்பது மாடியை ஒரு மனிதனின் முழங்காலிலிருந்து எடுத்துவிட்டீர்கள். எஞ்சினை மாற்றவில்லை, விலையுயர்ந்த பொருள் எதையும் சேர்க்கவில்லை. இரும்பை வளைத்த விதம் மட்டும் வேறு. ஏறுவது மூச்சு வாங்கும். முட்டியைத் தின்பது இறங்குவது. இங்கே ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்தது மிதி. நின்றுகொண்டு ஓட்டுகிறவர் ஒரு காலில்தான் நிற்க முடியும், இன்னொரு கால்தான் மிதிக்க மிச்சம் இருக்கிறது. ஒரு காலை வைத்துக்கொண்டு கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் மூன்றையும் எப்படி மிதிப்பது? டிவ்கோ என்ன செய்தது தெரியுமா? கிளட்சையும் பிரேக்கையும் ஒரே மிதியில் சேர்த்தது. பாதி அழுத்தினால் கிளட்ச் விலகும். மீதியையும் அழுத்தினால் பிரேக் பிடிக்கும். ஆக்ஸிலரேட்டரைக் கைக்குக் கொண்டுவந்தது. ஒரு கால் தரையில் ஊன்றி நிற்க, மறு கால் ஒரே ஒரு மிதியில். நகரத்துக்கு வெளியே கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டியபோது உட்கார்ந்துகொள்ள ஸீட்டும் உண்டு. இதை வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டும்போதெல்லாம் பையன்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். எனக்கும் ஒவ்வொரு முறையும் வந்தது.

1937-ல் இவை எல்லாம் சேர்ந்த யூ மாடல் வெளிவந்தது. முழு இரும்பு பாடி, மடங்கிக்கொள்ளும் கதவு, முன்னால் சப்பை மூக்கு மாதிரி ஒரு குட்டை பானட். படத்தில் பார்த்தால் ஒரு நல்ல பிராணி நின்றுகொண்டு நம்மைப் பார்ப்பது போல இருக்கும். மூக்கு ஏன் குட்டை? சந்தில் திரும்ப வேண்டும், மொத்த நீளம் குறைவாக இருக்க வேண்டும், அதே சமயம் எஞ்சினை ரிப்பேர் செய்யக் கை நுழைய வேண்டும். அந்த முகத்தைப் பெரிதாக மாற்றாமல் 1986 வரை செய்தார்கள். நாற்பத்தொன்பது வருடம். நம் அம்பாசடரை எண்ணிக்கொள்ளுங்கள், 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை வந்தது. அம்பாசடர் அவ்வளவு காலம் நின்றதற்கு நமக்கு வேறு கார் கிடைக்காததும் ஒரு காரணம். டிவ்கோவோ, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இருந்த அதே ஊரில், வருடத்துக்கு ஒரு புது மாடல் வந்துகொண்டிருந்த இடத்தில், மாறாமல் நின்றது. பால்காரரின் கால் நீளம் வருடாவருடம் மாறாதே.

இரண்டாம் உலகப் போரில் ஒரு விஷயம் நடந்தது. பெட்ரோலும் டயரும் மிச்சப்படுத்த வேண்டும் என்று அமெரிக்காவில் பால் வினியோகத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மாற்றினார்கள். அதுவரை தினமும் வந்த பால். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருந்தால் இரண்டு நாள் பால் தாங்கும் என்று குடும்பங்கள் அப்போது கண்டுகொண்டன. போர் முடிந்தது, ஆனால் மக்கள் கண்டுகொண்டதை மறக்கவில்லை. பிறகு எல்லோர் வீட்டிலும் ஃபிரிட்ஜ், எல்லோர் வீட்டிலும் கார், ஊருக்கு வெளியே பெரிய பெரிய கடைகள், அட்டைப்பெட்டியில் பால். அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி 1963-ல் சுமார் 30 சதவீதம் பால் வீட்டு வாசலுக்கு வந்தது. 1975-ல் 7 சதவீதம். 2005-ல் அரை சதவீதம்கூட இல்லை, 0.4.

கம்பெனியும் அலைந்தது. 1950களின் பிற்பகுதியில் ஸ்கூல் பஸ் செய்கிற வேய்ன் கம்பெனியோடு சேர்ந்து டிவ்கோ-வேய்ன் ஆனது. ஆம்புலன்ஸும் அமரர் ஊர்தியும்கூட அந்தக் குழுமத்திலிருந்து வெளிவந்தன. 1960களின் கடைசியில் டிவ்கோ மட்டும் தனியாக விற்கப்பட்டு, கடைசியில் ஓஹையோ மாநிலத்தின் டெலவேர் என்ற சிறிய ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டிருந்து 1986-ல் நின்றது. வண்டியில் குறை கண்டு யாரும் நிறுத்தவில்லை. அது எந்த மனிதனுக்காகச் செய்யப்பட்டதோ அந்த மனிதன் தெருவில் இல்லை.

அதே 1986-ல்தான் நம் நாட்டில் டாடா 407 வந்தது. பால் ரூட் வண்டி என்றால் இன்றைக்கும் பல பேர் மனதில் வருகிற வண்டி.

இங்கிலாந்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பேக்கன் கைவிட்ட பேட்டரியை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். விடிகாலையில் சத்தம் இல்லாமல் போகும், நிற்கும்போது ஒரு பைசா செலவில்லை, ரூட்டின் தூரம் குறைவு, பகலெல்லாம் டிப்போவில் நிறுத்திச் சார்ஜ் போடலாம். பால் வேலைக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகாத வண்டிகள்தான். ஆனால் 1960களில் உலகத்தில் மற்ற எல்லா நாட்டிலும் சேர்த்து ஓடிய பேட்டரி வண்டிகளைவிட இங்கிலாந்தில் ஓடியவை அதிகம் என்று அங்கே பெருமையாகச் சொன்னார்கள். அதில் மிகப் பெரிய பங்கு பால் வண்டிகள். ஷ்ரூஸ்பரி ஊரில் வேல்ஸ் அண்ட் எட்வர்ட்ஸ் என்ற கம்பெனி, குறுகலான தெருவில் சட்டென்று திரும்புவதற்காக மூன்று சக்கரத்தில் செய்தது.

சரி, நம் ஊருக்கு வருவோம். எனக்கு ஆற்றாமை இங்கேதான்.

அமெரிக்காவில் பால்காரர் மறைந்தார், அதனால் வண்டி மறைந்தது. இங்கே பால்காரர் மறையவில்லை. 1998 முதல் உலகத்திலேயே அதிகமாகப் பால் உற்பத்தி செய்கிற நாடு நாம்தான். ஒடுகத்தூரிலும் அணைக்கட்டிலும் கே.வி.குப்பத்திலும் குடியாத்தத்திலும் விடிவதற்கு முன்னால் கறவை தொடங்கிவிடுகிறது. இந்த மேடையிலிருந்து எந்தத் திசையில் நாலு தெரு போனாலும் நாளைக் காலை நாலு மணிக்கு ஒரு பால் வண்டியைப் பார்க்கலாம். அந்த மனிதனுக்கென்று, அவர் உடம்பை அளந்து, ஒரு வண்டி எங்கே?

அவர் தானே செய்துகொண்டார். 1980-ல் டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் உட்காரட்டும் என்று ஓசூரில் செய்த மொபெட். அதில் ஆளுக்குப் பதில் கேனை ஏற்றியவர் பால்காரர். பட்டறைக்குப் போய்க் கொக்கி வைத்தார், கேரியரை அகலப்படுத்தினார், இரும்புப் பட்டை வைத்து ஸ்டாண்டைத் தடிமனாக்கினார். எக்ஸ்.எல். வந்ததும் அதிலும் அதையே செய்தார். 2005-ல் குட்டி யானை, அதாவது டாடா ஏஸ் வந்தபோது பாக்கெட் பால் வைக்கிற பிளாஸ்டிக் டப்புகளை அடுக்க அதன் பின்னால் கம்பி அடித்தார். இவை எல்லாம் இங்கே உட்கார்ந்திருக்கிற பட்டறைக்காரர்களின் மூளை. அவர்கள் பெயரை எந்தப் புத்தகமும் எழுதாது. நான் இந்த மேடையில் நின்று அவர்களைக் கும்பிடுகிறேன். ஆனாலும் அது இன்னொருத்தருக்குத் தைத்த சட்டையை நமக்குப் பிடித்துக்கொள்கிற வேலை. அக்குளில் இழுக்கத்தான் செய்யும்.

எங்கே இழுக்கிறது என்று பாருங்கள். ஒரு லிட்டர் பால் 1.03 கிலோ. 40 லிட்டர் கேன் என்றால் பால் மட்டுமே 41 கிலோவுக்கு மேல். இரண்டு பக்கம் இரண்டு கேன் மாட்டினால் 82 கிலோ, கேன் எடை தனி. வண்டியைவிடப் பாரம் அதிகம். முழுக் கேனாக இருக்கும்வரை பரவாயில்லை. பாதி ரூட் ஊற்றியதும் பால் பாதியாகும், அப்போது அது அலம்ப ஆரம்பிக்கும். நீங்கள் பிரேக் பிடிப்பீர்கள், வண்டி நிற்கும், பால் நிற்காது. அரை நொடி கழித்து முன்னால் வந்து மோதும். பெரிய டேங்கர் லாரிக்கும் இந்தச் சங்கடம் உண்டு. பெட்ரோல் டேங்கருக்குள் அலையை உடைக்க ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகள் வைப்பார்கள். பால் டேங்கரில் அப்படி வைத்தால் மூலை முடுக்கில் பால் தங்கிக் கெட்டுப்போகும், கழுவ முடியாது. அதனால் வெளிநாட்டில்கூடப் பல பால் டேங்கர்களை உள்ளே வழுவழுப்பாகத்தான் விடுகிறார்கள். சுத்தத்துக்காக டிரைவர் அந்த அலையைத் தன் காலில் தாங்கிக்கொள்கிறார். எக்ஸ்.எல். ஓட்டுகிற நம் அண்ணன் அதைத் தன் இடுப்பில் தாங்குகிறார்.

எங்கள் நைனா விழுந்தது அப்படித்தான். சைதாப்பேட்டையில் மலை அடிவாரத்துத் தெருக்கள் தெரியும் அல்லவா, சரிவு. மழை பெய்து விட்ட விடிகாலை. ஒரு பக்கக் கேன் பாதி காலி, மறு பக்கம் முழுசு. ஒரு வீட்டில் ஊற்றிவிட்டு வந்து ஸ்டாண்டை எடுத்திருக்கிறார், வண்டி பாரமான பக்கம் சாய்ந்துவிட்டது. அவர் கேனைப் பிடித்தார். பாலைப் பிடித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். வண்டி அவர் மேல் விழுந்தது. முட்டி திரும்பிவிட்டது. எங்கள் அம்மா அவரைக் கேட்ட முதல் கேள்வி, "கேனை வுட்டுட வேண்டிதுதானே?" அவர் பதில் சொல்லவில்லை. பாதி ரூட்டுக்குப் பால் போகவில்லை என்று என் சித்தப்பாவை வேறு கேனோடு அனுப்பிவிட்டுத்தான் கட்டுப் போடப் போனார். அதற்குப் பிறகு இருபது வருடம் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

நான் யார்மீதும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அந்த சைக்கிள் நல்ல சைக்கிள். மனிதன் உட்கார்ந்து போவதற்கு என்று செய்த சைக்கிள். தொண்ணூறு தடவை இறங்கி ஏறுவதற்கு என்று யாரும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

பாக்கெட் பால் வந்த பிறகு ஊற்றுகிற வேலை போய்விட்டது, சுமை குறைந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. டப்பைத் தூக்குகிறவர்களைக் கேளுங்கள். டப் எங்கே இருக்கிறது? வண்டித் தரையில் இருக்கிறது. குனிந்து எடுக்க வேண்டும். குட்டி யானையின் பின்பக்கம் ஏறி, முதுகை வளைத்து, ஈரமான டப்பை இழுத்து, இறங்கி, கடை வாசலில் வைத்து, காலி டப்பை எடுத்துக்கொண்டு மறுபடி ஏற வேண்டும். டிவ்கோவில் பாட்டில் கூடை கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. நம் வண்டியில் டப் பாதத்துக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. ஒரு படி, ஒரு அலமாரி, சறுக்கி வருகிற ஒரு தட்டு. இதற்குப் பெரிய தொழிற்சாலை வேண்டுமா? சத்துவாச்சாரி வெல்டிங் பட்டறை போதாதா?

நம் ஊருக்கு இன்னொரு எதிரி வெயில். கறந்த பால் 37, 38 டிகிரி சூட்டில் இருக்கும். அதை 4 டிகிரிக்குக் குளிர வைத்தால்தான் தாங்கும். குளிர வைத்து பாக்கெட்டில் போட்டு, அதைத் திறந்த வண்டியில் மே மாதம் வேலூர் வெயிலில் ஏழரை மணிக்குக் கடைசிக் கடைக்குக் கொண்டுபோனால் நிலைமை என்ன? அதனால்தான் எல்லாம் இருட்டிலேயே முடிய வேண்டியிருக்கிறது, அதனால்தான் ஓட்டம், அதனால்தான் விழுகிறோம். டிவ்கோ 1950களிலேயே உள்ளே இருக்கிற குளிரை வெளியே விடாத பாடியும் குளிரூட்டிய பாடியும் செய்துவிட்டது. தெர்மகோலையும் தகடையும் வைத்து இரண்டு சுவர்ப் பெட்டி கட்டத் தெரியாதவர்களா நாம்?

நம் தேவைக்கு நாம்தான் செய்துகொள்ள வேண்டும் என்பதற்குப் பால் தொழிலிலேயே ஒரு உதாரணம் உண்டு. ஐரோப்பிய நிபுணர்கள் எருமைப் பாலைப் பவுடராக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். குஜராத்தின் ஆனந்தில், அமுல் கூட்டுறவை வளர்த்த குரியனோடு இருந்த தலாயா என்ற பால் தொழில்நுட்பக்காரர் 1955-ல் அதைச் செய்து காட்டினார். அவர்கள் பக்கத்தில் பெரும்பாலும் பசும்பால்தான், அதனால் அவர்களுக்கு அந்தத் தேவை இல்லை. எருமை வைத்திருக்கிறவர்கள்தான் செய்ய வேண்டியிருந்தது. வாசலுக்குப் பால் போகிற தெரு இன்றைக்கு நம்மிடம் இருக்கிறது.

மாணவர்களே, உங்களுக்கு ஒன்று. பேக்கனுக்குப் பேட்டரி கைகொடுக்கவில்லை. உங்களுக்கு அந்தத் தடை கிடையாது. ராணிப்பேட்டையில் 2021 முதல் பேட்டரி ஸ்கூட்டர் செய்கிற தொழிற்சாலை ஓடுகிறது, இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நம் குளிர் பேட்டரியை முடக்குகிற குளிரில்லை. ரூட் சின்னது. பகலெல்லாம் வண்டி சும்மா நிற்கிறது. கிளட்ச் இல்லை, கியர் இல்லை, மோட்டாரைச் சக்கரத்திலேயே வைக்கலாம், அதனால் தரையைச் சுலபமாகத் தாழ்த்தலாம். சேஸிஸை வளைக்க டிவ்கோ பட்ட பாடு உங்களுக்கு இல்லை. பைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ரேஸ் கார் செய்கிறீர்கள், பார்க்கிறேன், அழகாகச் செய்கிறீர்கள். இந்த வருடம் ஒரு குழுவாவது ஒரு பால் வண்டி செய்யுங்கள். கம்ப்யூட்டரில் படம் போடுவதற்கு முன்னால் ஒரு வாரம் ஒரு பால்காரரோடு ரூட்டுக்குப் போங்கள். பின்னால் உட்கார்ந்துகொண்டு போகாதீர்கள், கேனை நீங்கள் தூக்குங்கள். எத்தனை தடவை இறங்கினார், எந்தக் காலை முதலில் ஊன்றினார், பாக்கெட்டை எடுக்க எவ்வளவு குனிந்தார், திரும்பும்போது எதைப் பிடித்துக்கொண்டார். இதை எழுதிக்கொண்டு வாருங்கள். பெண்கள் நிறையப் பேர் இப்போது இந்த வேலையில் இருக்கிறார்கள். அவர்கள் உயரத்துக்குப் படி எங்கே இருக்க வேண்டும், சேலையோடு ஏற என்ன வேண்டும் என்று அவர்களைக் கேளுங்கள். இங்கே பின்வரிசையில் நாலு அக்காமார் இருக்கிறார்கள், கூட்டம் முடிந்ததும் முதலில் அவர்களிடம்தான் போக வேண்டும்.

இன்னும் பேசலாம், ஆனால் மணி எட்டாகப் போகிறது, உங்களுக்கு இரண்டரைக்கு அலாரம்.

ஒரே ஒரு வேலையை மட்டும் இங்கேயே தொடங்கிவிடுவோம். முன்வரிசையில் நீலச் சட்டை போட்ட அண்ணன், ஆமாம் நீங்கள்தான், கொஞ்சம் மேடைக்கு வாங்க. கூச்சப்படாதீங்க. பார்த்து, இந்த மேடைப் படியும் உயரம்தான், தம்பி கை கொடுப்பா. பட்டறைக்காரர்கள் யார்கிட்டயாவது டேப் இருக்குமே? கொடுங்க. அண்ணே, இப்படித் திரும்பி நேரா நில்லுங்க. தரையிலிருந்து முட்டி வரைக்கும் எவ்வளவு என்று முதலில் பார்ப்போம். தம்பி, நீ எழுதிக்கோ.